ஒன்றரைக் கோடி வருசக் கல்

கோப்பாய்ச் சனத்துக்குத் தாங்கள் எதன்மேல் நிற்கிறோம் என்பது தெரியாது. அதைத் தெரியப்படுத்தாமல் கண்ணை மூடுவதில்லை என்று கதிரவேலர் ஒரு வெள்ளிக்கிழமை காலை, கிணற்றடிக் கல்லில் குதிக்காலை உரைத்துக்கொண்டிருந்தபோது தீர்மானம் எடுத்தார். பெரிய தீர்மானங்கள் எல்லாம் அவருக்குக் குதிக்கால் உரைக்கும்போதுதான் வரும்.

கால் ஈரம் காய முன்னமே தீர்மானம் மனைவி சிவக்கொழுந்துக்கு அறிவிக்கப்பட்டது. அவள் அப்போது துலாவை இழுத்து இருபதாவது வாளியைத் தொட்டிக்குள் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"இஞ்சாரும், நான் வாசிகசாலையிலை பூமி சாத்திரம் படிப்பிக்கப் போறன்."

"ஆருக்கு?"

"ஒண்டும் தெரியாத ஆக்களுக்கு."

"அப்ப நீங்களும் முன்வாங்கிலையோ?"

"என்ன கதை இது? இருபத்திரண்டு வருசம் சீமெந்துத் தொழிற்சாலையிலை இருந்தனான்."

"ஓம். லீவுப் பகுதியிலை."

"மெல்லக் கதையும்!" என்று கதிரவேலர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். வேலிக்கு அப்பால் ஒரு மாடு மாத்திரம் நின்றது. அதுவும் கேட்டதாகத் தெரியவில்லை.

இந்த இடத்தில் உண்மையைச் சொல்லிவிடவேண்டும். தொழிற்சாலையில் கதிரவேலர் பார்த்த வேலை, யார் யாருக்கு எத்தனை நாள் லீவு மிச்சம் என்று எழுதி வைப்பது. இருபத்திரண்டு வருசத்தில் சுண்ணாம்புக் கல்லுக்கும் அவருக்கும் இருந்த ஒரே உறவு, மேசையில் கடதாசி பறக்காமல் வைத்திருந்த ஒரு துண்டுக் கல். தொண்ணூறில் சண்டை தொடங்கித் தொழிற்சாலை மூடப்பட்டு, அவர் வீட்டோடு வந்து மூன்று வருசமாகிவிட்டது. ஊரில் யாரோ ஒருவர் அவரைக் "கல்லுப் பகுதி ஐயா" என்று கூப்பிட்டார். கதிரவேலர் திருத்தவில்லை. பொய் சொன்னாரா என்றால் சொல்லவில்லை. வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான். முதலில் கூச்சமாயிருந்தது. பிறகு பழகிவிட்டது. வேலையில்லாத மனிதனுக்குக் காலூன்ற ஏதாவது ஒன்று வேண்டுமே.

சிவக்கொழுந்துக்கு வேண்டியிருந்தது வேறு. மண்ணெண்ணெயைக் கண்ணாலும் காணமுடியாத காலம். இறைக்கிற மெசின் சாக்கைப் போர்த்துக்கொண்டு மூலையில் கிடந்தது. தண்ணீரெல்லாம் அவள் கையால்தான். அதிலும் தொட்டியின் அடியில் தண்ணீர் திறந்துவிடும் வாய் உடைந்து அகன்றுபோய், எவ்வளவு துணி அடைத்தாலும் பாதித் தண்ணீர் வாழைக்குப் போய்விடும். பூசுவதற்குச் சீமெந்து இல்லை. சீமெந்தையும் அரசாங்கம் எங்கள் பக்கம் வரவிடாமல் தடுத்துவைத்திருந்தது. கரவெட்டியில் இருக்கும் அவளுடைய தம்பி பொன்னம்பலம் மூன்று மாதம் அலைந்து ஒரு பால்மாப் பேணி நிறையச் சீமெந்து தேடிப் பிடித்துச் சைக்கிளில் கொண்டுவந்து தந்திருந்தான். அதை அவள் தாலிக்கொடி வைக்கிற அலுமாரித் தட்டில் வைத்திருந்தாள். அடுத்த வெள்ளிக்கிழமை பூசுவதாக உத்தேசம்.

கதிரவேலரின் படிப்பெல்லாம் கலியாணமாகிப் போன மகள் விட்டுப்போன பழைய பூகோளப் புத்தகம் ஒன்று. மட்டை இல்லை. சனிக்கிழமை அதைக் குசினி வாசலில் இருந்து உரத்து வாசித்தார். "அடையல்கள் படைபடையாகப் படிந்து, அமுக்கமுற்று, அடையற் பாறை உருவாகும்." இன்னொருதரம் வாசித்தார். ஒன்றும் ஏறவில்லை.

"உது புட்டுக்குழல் கதையெல்லோ," என்றாள் சிவக்கொழுந்து அடுப்படியிலிருந்து. "மாவைப் போடுறம், தேங்காய்ப்பூவைப் போடுறம், பேந்து மா, பேந்து பூ. அடியிலை கிடக்கிறது முதல் போட்டது. மேலை கிடக்கிறது கடைசியாப் போட்டது. அடிதான் மூத்தது. அவ்வளவுதானே?"

"ஓரளவுக்குச் சரி," என்று கதிரவேலர் கொப்பியில் எழுதிக்கொண்டார்.

"மழைநீர் சிறிது அமிலத்தன்மை உடையதாகையால் சுண்ணாம்புக் கல்லைக் கரைத்து நிலத்தின் கீழ்க் குகைகளை உண்டாக்கும்."

"மீன் கழுவேக்கை கல்லிலை தேசிக்காய்ப் புளி பட்டால் நுரைக்கும், கண்டிருக்கிறன். மழைத்தண்ணி அதையே ஆறுதலாச் செய்யுதாக்கும்."

அதையும் எழுதிக்கொண்டார். இப்படியாகக் கதிரவேலரின் முதலாவது சொற்பொழிவு தயாராகிற்று.

ஞாயிறு பின்னேரம் வாசிகசாலை நிறைந்துவிட்டது. கரண்ட் இல்லை, படம் இல்லை, பஸ் இல்லை. ஒருவர் கதைக்க முப்பது பேர் கேட்பதுதான் அந்த நாளில் பொழுதுபோக்கு.

"நாங்கள் நிக்கிற இந்த இடம் ஒரு காலத்திலை கடல்!" என்று தொடங்கினார் கதிரவேலர்.

"இப்பவும் சுத்திவரக் கடல்தானே," என்றார் முன்வாங்கில் இருந்த தம்பிராசர். இளைப்பாறிய தபாலதிபர். முத்திரை இல்லாத எதையும் கையில் வாங்காத மனிதர்.

"கடலுக்கு அடியிலை, தம்பிராசா அண்ணை, அடியிலை! சிப்பி, ஊரி, பவளப்பூச்சி எல்லாம் செத்துச் செத்து அடியிலை படிஞ்சுது. ஒண்டுக்கு மேலை ஒண்டு. புட்டுக்குழல் மாதிரி!"

பெண்கள் பக்கத்தில் ஒரு சலசலப்பு. சிவக்கொழுந்து முகட்டைப் பார்த்தாள்.

"அமுங்கி அமுங்கிக் கல்லாச்சுது. பேந்து நிலம் எழும்பிச்சுது, கடல் விலகிச்சுது. பங்கர் வெட்டின ஆக்கள் கண்டிருப்பியள். மேலை செம்மண். கீழை வெள்ளைக் கல்லு. அந்தக் கல்லுத்தான் பழைய கடலின்ரை அடி!"

குண்டுவீச்சுக்குப் பயந்து வளவுக்குள் பங்கர் வெட்டிக் கை கொப்பளித்த அத்தனை பேரும் தலையாட்டினார்கள். கதிரவேலருக்கு உள்ளங்கால் தரையை விட்டுக் கொஞ்சம் எழும்பியது.

"எவ்வளவு காலம் முந்தி?" என்றார் தம்பிராசர்.

"ஒண்டரைக் கோடி வருசம்."

"ஆர் எண்ணினது?"

"விஞ்ஞானியள்."

"சரி, எண்ணட்டும். செத்ததுகள்தான் கல்லாச்சுதெண்டால், கல்லுக்குள்ளை அதுகளின்ரை அடையாளம் கிடக்கவேணுமெல்லோ? நீர் கண்டனீரோ?"

புத்தகத்தில் கண்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நாக்குக்கு எலும்பு கிடையாது. முப்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தால் அது எப்படியும் வளையும்.

"கண்டனானோ? என்ரை வீட்டிலையே ஒண்டு கிடக்கு! வாற ஞாயிறு கொண்டுவாறன்!"

வாசிகசாலைச் செயலாளர் செபநாயகம் உடனே எழும்பி, அப்படியானால் வாற ஞாயிறு அளவெட்டியிலிருந்து பத்மாசினி ரீச்சரையும் அழைப்பதாக அறிவித்தார். பூகோளத்தில் பட்டம் எடுத்தவவாம். கதிரவேலரின் உள்ளங்கால் தரைக்கு வந்து சேர்ந்தது.

வீட்டுக்குப் போகும் வழியில் சிவக்கொழுந்து கேட்டாள்:

"ஆர் வீட்டிலை கிடக்கு?"

"எங்கடை வீட்டிலை."

"எங்கை?"

"தேடினால் கிடைக்கும்."

திங்களும் செவ்வாயும் தேடினார். வேலியடி, பங்கர் வாசல், கோடிப்புறம் எல்லாம் தவழ்ந்தார். கோவில் சிற்பம் போல ஒரு முழுச் சங்கு கல்லில் பதிந்திருக்கும் என்பது அவருடைய எண்ணம். கிணற்றடியில் குதிக்கால் உரைக்கிற கல்லைக்கூடப் புரட்டி, அதற்குக் கீழே ஏதும் கிடக்கிறதா என்று பார்த்தார். ஒரு தேரைதான் கிடந்தது.

புதன்கிழமை சிவக்கொழுந்து சங்கக்கடைக் கியூவுக்குப் போனாள். போய்வரக் குறைந்தது மூன்று மணித்தியாலம். கதிரவேலர் அலுமாரியைத் திறந்தார்.

திறக்கும்போது அவருக்கு வெட்கமாய்த்தான் இருந்தது. அதை மறைக்கக்கூடாது. பொன்னம்பலம் வியர்த்து ஒழுகி வந்து இறங்கியது ஞாபகம் வந்தது. காலையில் சிவக்கொழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தது ஞாபகம் வந்தது. ஆனால் தம்பிராசரின் முகமும் ஞாபகம் வந்தது. பேணி காலியாயிற்று. அதற்குள் அடுப்புச் சாம்பலைப் போட்டு மூடி, இருந்த இடத்தில் வைத்தார்.

இனி அச்சு. சிரட்டையில் வார்க்கலாம். ஆனால் சிரட்டையில் வார்த்தால் சிரட்டை என்று எவரும் கண்டுபிடித்துவிடுவார்கள். அவ்வளவுக்கு மடையனா கதிரவேலர்? குசினியைச் சுற்றிப் பார்த்தார். புட்டு அவிக்கிற நீத்துப்பெட்டி, பனையோலையில் கூம்பாகப் பின்னியது, சுவரில் தொங்கியது. சீமெந்தையும் மணலையும் குழைத்து அதற்குள் அமுக்கினார். மேலே பதிக்க ஒரு பழைய உயிர் வேண்டும். தாயம் விளையாடுகிற கடற்சோகி டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்து நட்டநடுவில் அழுத்தினார். சாணித் தண்ணீரும் தேயிலைச் சாயமும் தடவி, பங்கருக்குள் கொண்டுபோய் ஒளித்தார்.

மறுநாள் ஓலையை உரித்துப் பார்த்தபோது கல்லின் முதுகில் வரிவரியாகப் பின்னல் விழுந்திருந்தது. கதிரவேலருக்குப் பரம சந்தோசம். அசல் கடலலை! அலை ஓடிய தடம்! நீத்துப்பெட்டியின் எச்சத்தை வேலிக்கு அப்பால் எறிந்துவிட்டு வந்தார்.

அன்று பின்னேரம் குசினியிலிருந்து குரல் வந்தது.

"இஞ்சாருங்கோ, நீத்துப்பெட்டியைக் கண்டனீங்களோ?"

"பூனை இழுத்துக்கொண்டு போயிருக்கும்."

"பூனைக்கு என்னத்துக்கு நீத்துப்பெட்டி?"

"அதுக்கும் ஆசை வராதோ?"

"புட்டு அவிக்கவோ?" சிவக்கொழுந்து வெளியே வந்து அவரை ஒருமுறை பார்த்தாள். "வேறை ஏதும் சொல்லக் கிடக்கோ?"

"ஒண்டுமில்லை."

வெள்ளிக்கிழமை அவள் குளித்து, திருநீறு பூசி, பேணியைத் திறந்து, பக்குவமாய்க் குழைத்துத் தொட்டி வாயைப் பூசினாள். பின்னேரம்வரை காயவிட்டாள். பிறகு முப்பது வாளி தண்ணீர். முப்பதாவது வாளியோடு பூச்சு முழுவதும் கரைந்து, சாம்பல் நிறத்தில் வாழைப்பாத்திக்கு ஓடிற்று. கதிரவேலர் பத்திரிகையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு இருந்தார். அதைத் தலைகீழாய்ப் பிடித்திருந்தது அவருக்குத் தெரியாது.

"சீமெந்து பழுதாப் போச்சுப் போலை," என்றாள் சிவக்கொழுந்து.

"காத்துப் பட்டால் பழுதாப் போகும்," என்றது பத்திரிகை.

"ஓமோ? வேறை ஏதும் சொல்லக் கிடக்கோ?"

சொல்லியிருக்கலாம். தொண்டை வரைக்கும் வந்தது. வெட்கம் அதைத் திரும்பக் கீழே தள்ளிவிட்டது. வெட்கப்பட்டு உண்மையைச் சொல்கிறவன் ஒரு சாதி, வெட்கப்பட்டு மறைக்கிறவன் இன்னொரு சாதி. கதிரவேலர் இரண்டாவது. "ஒண்டுமில்லை," என்றார்.

சனிக்கிழமை பக்கத்து வீட்டுச் சின்னத்தங்கம் தாயம் விளையாட வந்தாள். சோகியில் ஒன்று குறைந்தது. புளியங்கொட்டையை வைத்து விளையாடி, மூன்று ஆட்டமும் தோற்று, புளியங்கொட்டையைத் திட்டித் தீர்த்துவிட்டுப் போனாள். சிவக்கொழுந்து இந்த முறை ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் கதிரவேலருக்கு அதிகம் பயமாயிருந்தது.

ஞாயிறு மத்தியானம் கல்லைத் துவாயில் சுற்றி மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். குளித்து வந்து, அறைக்குள் நெடுநேரம் நின்று வேட்டி கட்டி, பொதியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். சிவக்கொழுந்து ஒரு தேசிக்காயை முந்தானையில் முடிந்துகொண்டு பின்னால் வந்தாள்.

வாசிகசாலையில் போன கிழமையைவிட இருமடங்கு சனம். நடுக்கதிரையில் பத்மாசினி ரீச்சர், கண்ணாடியும் கொப்பியுமாக. கதிரவேலர் பொதியை மேசையில் வைத்து, சபையைப் பார்த்தபடியே முடிச்சை அவிழ்த்தார்.

"ஒண்டரைக் கோடி வருசம்! மனிசன் பிறக்க முந்தி! பனை முளைக்க முந்தி! கடலுக்கு அடியிலை கண்ணை மூடின ஒரு சீவன், இண்டைக்கு உங்களுக்கு முன்னாலை!"

துவாயை விலக்கினார். சபை எட்டிப் பார்த்தது. கதிரவேலரும் பார்த்தார்.

துவாய்க்குள் கிடந்தது குதிக்கால் உரைக்கிற கல்.

அவருக்கு உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை வியர்த்தது. "பிழை! பிழை!" என்று கத்தினார். "இது கிணத்தடிக் கல்லு! கால் உரைக்கிறது! வீட்டிலை மாறி வைச்சிட்டினம்!"

சபை கொல்லென்று சிரித்தது. பத்மாசினி ரீச்சர் மாத்திரம் சிரிக்காமல் எழுந்து வந்து கல்லைக் கையில் எடுத்தா.

"ஐயா, இது எங்கை எடுத்தது?"

"கீழை வையுங்கோ ரீச்சர், கை ஊத்தையாப் போகும்! பங்கர் வெட்டேக்கை வந்த உதவாக் கல்லு. நான் எறியத்தான் சொன்னனான். இவதான் கிணத்தடியிலை போட்டவ."

பெண்கள் பக்கத்திலிருந்து சிவக்கொழுந்து மெதுவாகச் சொன்னாள்: "இஞ்சாருங்கோ, கையிலை கிடக்கிறதைக் காட்டுங்கோ. அதுவும் கல்லுத்தானே."

"உமக்கென்ன தெரியும் கல்லைப் பற்றி! வீட்டை போய் மற்றக் கல்லை எடுத்துக்கொண்டு வாரும்!"

"கட்டாயம் வேணுமோ?"

"கட்டாயம்!"

"வேறை ஏதும் சொல்லக் கிடக்கோ?"

"கெதியாப் போம்!"

அவள் போனாள். வீடு இரண்டு வேலி தள்ளித்தான்.

பத்மாசினி ரீச்சர் கல்லை வெளிச்சத்துக்குத் திருப்பினா. "எல்லாரும் கிட்ட வாங்கோ. இந்தத் திருகு தெரியுதே? இது ஊரி. இஞ்சை பாருங்கோ, சிப்பி, ரெண்டாப் பிளந்து கிடக்கு. இந்தத் தேன்கூடு மாதிரி இருக்கிறது பவளம். இந்தக் கல்லு முழுக்கச் செத்த சீவன்கள்தான். ஆரோ நெடுகத் தேய்ச்சுத் தேய்ச்சு மேற்படை போனபடியாலை வடிவாத் தெரியுது. கதிரவேலர் ஐயா போன கிழமை சொன்னது அத்தனையும் இதுக்குள்ளை கிடக்கு."

சனம் முண்டியடித்தது. தம்பிராசரும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். கதிரவேலர் எல்லோருக்கும் பின்னால் நின்று, முதல்முறையாக அந்தக் கல்லைப் பார்த்தார். ஒவ்வொரு நாளும் அதில் ஏறி நின்றவர். அதன்மேல் நின்றுதான் ஊருக்குப் பூமி சாத்திரம் படிப்பிக்கத் தீர்மானம் எடுத்தவர். "வீட்டிலையே ஒண்டு கிடக்கு" என்று அவர் விட்ட புளுகு ஒன்றுதான் உண்மையாய் இருந்தது, அதையும் அவரே ஊர் முன்னால் இல்லை என்று சொல்லிவிட்டார்.

அப்போதுதான் மற்றக் கல் ஞாபகம் வந்தது. அது வந்துகொண்டிருந்தது.

வாசலைப் பார்த்தார். சிவக்கொழுந்து வரக்கூடாது என்று நல்லூர்க் கந்தனை வேண்டினார். வேலி முள்ளில் சேலை மாட்டுப்படட்டும் என்று வேண்டினார். ஒரு பொம்மராவது வந்து எல்லோரும் பங்கருக்குள் ஓடட்டும் என்றுகூட ஒரு கணம் நினைத்தார். நினைத்ததும் தன் கன்னத்தில் தானே அறையவேண்டும் போலிருந்தது. தன் மானத்துக்காக ஊரின் தலையில் குண்டு கேட்கிற மனிதனாகிவிட்டார் அவர்.

பொம்மர் வரவில்லை. சிவக்கொழுந்து வந்தாள். கையில் இருந்ததை மேசையில் வைத்தாள்.

கூம்பாக, முதுகில் பின்னலோடு, நெற்றியில் ஒரு சோகியோடு அது கிடந்தது. ரீச்சர் கண்ணாடியைக் கழற்றினா.

"எட பிள்ளை," என்றாள் சின்னத்தங்கம் உரத்து. "உது நீத்துப்பெட்டியெல்லோ! இந்தா பின்னல்! இந்தா அடிக்கூம்பு! ஐயோ, சோகியும் எங்கடை! விளிம்பிலை வெடிப்பு. நேற்று மூண்டாட்டம் தோத்தது இந்தக் கோதாரியாலையோ!"

"கதிரவேலர்," என்றார் தம்பிராசர், "அந்தக் காலத்துச் சீவன் புட்டுக்குள்ளையோ சீவிச்சது?"

கதிரவேலருக்கு நிலம் பிளந்து வாங்கிக்கொள்ளாதா என்றிருந்தது. நிலத்துக்குள்ளே குகை இருக்கிறது என்று போன கிழமை அவர்தான் சொன்னவர். ஒரு குகையும் திறக்கவில்லை. சொல்லிவிடுவோம் என்று வாயைத் திறந்தார்.

அதற்குள் சிவக்கொழுந்து முன்னுக்கு வந்துவிட்டாள்.

"ஓம், இது கள்ளக் கல்லு. இவர்தான் செய்தவர்."

கதிரவேலர் கண்ணை மூடிக்கொண்டார்.

"உங்களைச் சோதிக்கத்தான் செய்தவர். நல்ல கல்லைக் கூடாதெண்டும் கள்ளக் கல்லைத் திறமெண்டும் சொல்லுறன், ஆர் பிடிக்கினம் எண்டு பாப்பம் எண்டு சொன்னவர். ஒருத்தர் சொல்லுறார் எண்டு நம்பாமல் கல்லைப் பாக்கப் பழகவேணுமாம். சின்னத்தங்கமக்காதான் வெண்டவ."

கைதட்டல் வாசிகசாலை ஓட்டைக் கிளப்பியது. சின்னத்தங்கம் எழும்பி நின்று கும்பிட்டாள். பத்மாசினி ரீச்சர், இப்படியொரு பாடமுறையைத் தான் கம்பசிலும் காணவில்லை என்றா. கதிரவேலர் கண்ணைத் திறந்தார். சந்தோசப்படலாமா என்று யோசித்தார். நெஞ்சு விடவில்லை. களவெடுத்தவனுக்கு மாலை போட்டால் அது கழுத்தைத்தான் அறுக்கும்.

"நல்லது," என்றார் தம்பிராசர். "அப்ப கள்ளக் கல்லையும் நல்ல கல்லையும் என்னெண்டு பிரிச்சுக் காணுறது? கதிரவேலர் சொல்லட்டும்."

கதிரவேலர் துவாயை எடுத்து மடிக்கத் தொடங்கினார்.

"வீட்டிலை சொன்னதைச் சொல்லுங்கோவன்," என்றாள் சிவக்கொழுந்து. "நல்ல கல்லிலை சீவன்கள் ஒண்டு ரெண்டில்லை, குவிஞ்சு கிடக்கும்."

"குவிஞ்சு கிடக்கும்," என்றார் கதிரவேலர்.

"உடைஞ்சதும் கவிண்டதுமாக் கிடக்கும். கள்ளக் கல்லிலை ஒண்டே ஒண்டு, பொட்டு வைச்ச மாதிரி நடுவிலை."

"பொட்டு மாதிரி," என்றார் கதிரவேலர்.

"நல்லதிலை சிப்பியும் கல்லாப் போயிருக்கும். இல்லாட்டிக் கரைஞ்சு அச்சு மட்டும் மிஞ்சும். கள்ளத்திலை மினுங்கும்."

"மினுங்கும்."

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்துத் தேசிக்காயைப் பிளந்து குதிக்கால் கல்லின் ஓரத்தில் பிழிந்தாள். கல் மெல்ல நுரைத்தது. இப்படித்தான் மழைத்தண்ணி எங்களுக்குக் கீழே கல்லைக் கரைத்துக் கரைத்து வழி வெட்டுகிறது, அந்த வழியால்தான் கிணற்றுக்குத் தண்ணீர் வருகிறது என்று அவள் சொல்ல, முன்வாங்கு முழுவதும் எழும்பி வந்து நுரையைப் பார்த்தது. கதிரவேலர் துவாயைப் பிடித்துக்கொண்டு ஓரமாய் நின்றார். மூன்று வருசமாய் அந்தக் கல்லை அழுக்குப் போகத் தேய்த்துக் கழுவிவந்த கை எது என்பதும் இப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது.

கூட்டம் கலையும்போது தம்பிராசர் வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"நல்ல சோதனை, கதிரவேலர்." பிறகு காதுக்குக் கிட்ட வந்தார். "லீவுப் பகுதியிலை இருந்தும் இவ்வளவு படிச்சிருக்கிறீர்."

கதிரவேலருக்குக் கை அப்படியே நின்றுவிட்டது.

"தொழிற்சாலையிலை இருந்த என்ரை மருமோன்ரை கலியாணத்துக்கு மூண்டு நாள் கேட்க ஒண்டரை நாள் குடுத்தது நீர்தானே. கையெழுத்து ஞாபகம். ஊருக்கே தெரியும் காணும். உம்மடை மனிசிக்காக ஒருத்தரும் கதைக்கிறதில்லை."

வீட்டுக்குப் போகும் வழி இரண்டு வேலி தூரம். அன்றைக்கு அது அளவெட்டிவரை நீண்டது. ஒரு கையில் நல்ல கல், மறுகையில் கள்ளக் கல், நடுவில் கதிரவேலர்.

"நான் பெரிய பிழை விட்டிட்டன்," என்றார் படலையடியில். "உம்மடை சீமெந்தை எடுத்தது நான்தான்."

"தெரியும்."

"எப்ப தெரியும்?"

"வெள்ளிக்கிழமை சாம்பல் ஓடேக்கை. பேந்து பங்கருக்குள்ளை போய்ப் பார்த்தனான். உதைக் கொண்டுபோனால் அந்த ரீச்சருக்கு முன்னாலை என்ன கதி எண்டு யோசிச்சுத்தான் நல்ல கல்லை வைச்சனான். உங்கடை மானத்தைத் துவாயிலை சுத்தியெல்லோ தந்தனான். நீங்கள் அதை ஊத்தைக் கல்லெண்டு சொல்லிப்போட்டியள்."

அவருக்கு அழுகை வந்தது. அவளுடைய உள்ளங்கையைப் பார்த்தார். துலாக் கயிறு போட்ட தழும்பு. "தொட்டியை எப்பிடியும் பூசித் தாறன்," என்றார்.

"பூசத் தேவையில்லை. உதைத் தாருங்கோ."

கள்ளக் கல்லை வாங்கிக்கொண்டு அவள் கிணற்றடிக்குப் போனாள். கூம்பின் நுனியைத் தொட்டியின் உடைந்த வாய்க்குள் செருகி, உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினாள். அளவெடுத்துச் செய்தது போல இறுகி நின்றது. சோகி தொட்டிக்குள்ளிருந்து கதிரவேலரைப் பார்த்தது. ஓரத்தில் மாத்திரம், பின்னல் விழுந்த இடத்தில், சொட்டுச் சொட்டாய்க் கொஞ்சம் ஒழுகிற்று.

மறுநாள் காலை வாசிகசாலைப் பலகையில் செபநாயகம் சோக்கட்டியால் எழுதியிருந்தார்: "வரும் ஞாயிறு: கூட இறைத்தால் கிணறு ஏன் உவர்க்கிறது? விளக்குபவர் திருமதி சிவக்கொழுந்து கதிரவேலு. கல், வாளி, தேசிக்காய் தூக்குபவர் திரு. கதிரவேலு."

வாசித்துவிட்டு நேரே வீட்டுக்கு வந்தார்.

"இஞ்சாரும், வாற ஞாயிறு எனக்குச் சுகமில்லாமல் வரும் போலை கிடக்கு. என்னை விட்டிடும்."

"லீவெண்டால் எழுத்திலை தாருங்கோ," என்றாள் சிவக்கொழுந்து. "யோசிப்பம்."

கதிரவேலர் மேசையில் இருந்து, இருபத்திரண்டு வருச அனுபவத்தையும் திரட்டி, காரணம், திகதி, கையெழுத்து எல்லாம் முறைப்படி இட்டு, ஒரு லீவு விண்ணப்பம் எழுதினார். அவர் வாழ்நாளில் எழுதியவற்றுள் அதுதான் ஆகச் சிறந்தது. சிவக்கொழுந்து அதை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தாள். எழுத்து வடிவாயிருக்கிறது என்றாள். பிறகு நாலாய் மடித்து, கிணற்றடிக்குப் போய், கல்லுக்கும் தொட்டி வாய்க்கும் இடையில் செருகினாள்.

ஒழுக்கு நின்றுவிட்டது.